காலடியில் இறப்பர்: மலையகத்தின் மின்வாகன மின்னேற்றிடங்களுக்கும் திருத்தகங்களுக்கும் ஏற்ற தளவிரிப்புப் பற்றிய சில குறிப்புகள்

உழைப்புக் கருவிகள் மாறுந்தோறும் உழைப்பவரை எதிர்நோக்கும் ஆபத்துகளும் மாறுகின்றன. தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட சுழல்தண்டும் தோற்பட்டியும் புகுந்தபோது கைவிரல்களை இழக்கும் ஆபத்தும் உடன் புகுந்தது. எண்ணெயில் இயங்கும் வாகனம் தீயையும் புகையையும் கொண்டுவந்தது. இவற்றைக் கண்ணால் காணலாம், மூக்கால் முகரலாம். மின்வாகனம் கொண்டுவரும் ஆபத்தோ ஓசையும் மணமும் அற்றது. தொட்ட பின்னரே அது தன்னை அறிவிக்கின்றது. எனவே, அதன் அருகே நின்று வேலை செய்பவரின் காலடியில் என்ன இருக்கவேண்டும் என்ற வினா சிறியதாகத் தோன்றினும், உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவுக்கு நம் மக்களிடையே ஓர் ஆயத்த விடை உண்டு: “இறப்பர் போட்டால் போதும், இறப்பரில் மின்சாரம் பாயாது.” இவ்விடையில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி ஆபத்தானது. இறப்பர் என்பது ஒரே பொருளன்று. கலவைக்கேற்ப அது காவலியாகவும் அமையும், கடத்தியாகவும் அமையும். மின்னேற்றிடத்தின் தேவை வேறு. திருத்தகத்தின் தேவை வேறு. மழையும் மூடுபனியும் ஓயாத மலைநாட்டில் இவ்விரண்டுக்கும் மேலாக நீர் என்னும் மூன்றாவது காரணியும் வந்து சேர்கின்றது. இக்கட்டுரையில் கந்தப்பளை போன்ற ஒரு மலையக நகரை மனத்திற் கொண்டு, இத்தளவிரிப்புகளைத் தெரிவுசெய்யும் முறையினை நாம் ஆராய முற்படுகின்றோம்.

கந்தப்பளையின் நிலை

நுவரெலியாவிலிருந்து இராகலை, உடப்புசல்லாவை நோக்கிச் செல்லும் வீதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது கந்தப்பளை. பார்க், கோர்ட்லொட்ஜ், கொங்கோடியா முதலிய தேயிலைத் தோட்டங்களும், அவற்றிடையே உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் பயிரிடும் மரக்கறித் தோட்டங்களும் இந்நகரைச் சூழ்ந்துள்ளன. ஒருகாலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக இராகலை வரை 2 அடி 6 அங்குல அகலமுள்ள குறுகிய இருப்புப்பாதையொன்று ஓடியது. 1940களில் அது மூடப்பட்ட பின்னர் தேயிலைப் பெட்டியும் மரக்கறி மூடையும் மனிதரும் வீதியையே நம்பவேண்டியதாயிற்று. லொறியும் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும், அவற்றைத் திருத்தும் சிறு கராஜ்களும் இந்நகரின் வாழ்வோடு பிணைந்தமை இவ்வாறுதான்.

2015ஆம் ஆண்டளவில் பாவித்த ஜப்பானிய மின்கார்கள் இலங்கைக்குப் பெருந்தொகையாக வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், பங்கீட்டு முறையின் கீழ் நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவம் மின்வாகனத்தின்பால் மக்கள் கவனத்தைத் திருப்பியது. 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதும் சீனத் தயாரிப்பான மின்கார்கள் வரத் தொடங்கின. கொழும்பிலிருந்து மலையேறும் மின்வாகனம் ஏற்றத்தில் பெருமளவு மின்கல ஆற்றலைச் செலவிட்டே மேலே வந்துசேர்கின்றது. ஆதலால் மின்னேற்றத்துக்கான தேவை மலைநாட்டில் இயல்பாகவே கூடுதலாகும். விடுதி, கடைத்தெரு, கராஜ் என எங்கு மின்னேற்றி பொருத்தப்படினும், அங்கே முதலில் வேலைக்கு அமர்த்தப்படுபவர்கள் தோட்டத்து லயன்களிலிருந்து தொழில் தேடி வெளிவரும் இளைஞர்களாகவே இருப்பர். இந்த ஆராய்ச்சியின் அவசியம் அவர்களைப் பொறுத்ததே.

ஈரிடம், ஈராபத்து

மின்னேற்றிடத்தையும் திருத்தகத்தையும் ஒன்றாகக் கருதுவதே முதற் குழப்பமாகும். இரண்டிலும் மின்சாரம் உண்டு. ஆயின் அது மனிதனைத் தாக்கும் வழி வெவ்வேறானது.

மின்னேற்றிடத்தில் நாம் சந்திப்பது மின்வழங்கல் வலையமைப்பிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டமாகும். மூன்று அவத்தை இணைப்பாயின் 400 வோல்ற்று. இவ்வழங்கலின் நடுநிலைக் கம்பி மின்மாற்றியருகே நிலத்தோடு தொடுக்கப்பட்டுள்ளது. ஆகவே அவத்தைக் கம்பியைத் தொடும் ஒருவரின் உடலூடாக மின்னோட்டம் நிலத்துக்கு இறங்க வழியுண்டு. இங்கு நிலமே சுற்றின் மறுபாதி.

திருத்தகத்தில் நிலைமை வேறு. வாகனத்தின் உயரழுத்த மின்கலத்தொகுதி நேரோட்டத்தைத் தருவது. பலவற்றில் அது 350 முதல் 400 வோல்ற்று வரையாகும். அண்மைக்காலத் தயாரிப்புகள் சிலவற்றில் 800 வோல்ற்றை எட்டுகின்றது. இத்தொகுதியின் நேர்முனையும் எதிர்முனையும் வாகனத்தின் உடற்சட்டத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டுள்ளன. எனவே, குறைபாடற்ற வாகனத்தில் ஒரு முனையை மட்டும் தொட்டவருக்கு மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லை. இரு முனைகளையும் இரு கைகளால் தொட்டாலோ, மின்னோட்டம் கையிலிருந்து கைக்கு நெஞ்சின் குறுக்கே பாயும். காலடியிலுள்ள விரிப்பு எத்துணைச் சிறந்ததாயினும் அவ்வேளையில் அதனாற் பயனில்லை. விரிப்பு உதவுவது, வாகனத்தின் உட்காவலில் ஏற்கெனவே பழுது ஏற்பட்டு உடற்சட்டம் மின்னேறியிருக்கும்போதே. விபத்துக்குள்ளான, வெள்ளத்தில் நனைந்த வாகனங்களில் இது நிகழலாம்.

இதிலிருந்து ஓர் அடிப்படை முடிவு பெறப்படுகின்றது. விரிப்பு ஒருபோதும் முதற் காப்பன்று. மின்னேற்றிடத்தில் முதற் காப்பு சரியான புவித்தொடுப்பும், மக்கள் ‘ட்ரிப் சுவிட்ச்’ என வழங்கும் 30 மில்லியம்பியர் துண்டிப்பானுமாகும். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. மின்வாகனத்தின் உள்ளிருந்து நேரோட்டக் கசிவு ஏற்படுமாயின் சாதாரணத் துண்டிப்பான் மந்தமடைந்து தன் கடமையைச் செய்யத் தவறலாம். 6 மில்லியம்பியர் நேரோட்டக் கசிவை உணரும் அமைப்போ, அதற்கெனச் செய்யப்பட்ட ‘பி’ வகைத் துண்டிப்பானோ வேண்டும் என்பது இதனாலேயே. கற்பாறை மிகுந்த மலைநிலத்தில் புவித்தண்டின் தடை உயர்வாக இருக்கலாமாதலால், அதனை அளந்தறியாது மின்னேற்றி பொருத்துதல் தவறு. திருத்தகத்தில் முதற் காப்பு, மின்கலத்தின் சேவைத் துண்டிப்பை அகற்றி, மின்தேக்கிகள் இறங்கும்வரை தயாரிப்பாளர் குறித்த நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லையென அளந்து உறுதிசெய்தலாகும். இரண்டாவது காப்பு 1,000 வோல்ற்றுக்கெனச் சோதிக்கப்பட்ட இறப்பர்க் கையுறையும் அதன் மேலணியும் தோலுறையும். விரிப்பு இவற்றுக்கு அடுத்தே வருகின்றது.

விரிப்பு காப்பது எவ்வாறு?

மூன்றாம் நிலைக் காப்பெனினும் அதன் பயன் சிறிதன்று. எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். நனைந்த கையும் நனைந்த காலும் உடைய ஒருவரின் உடற்றடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்வோம். ஈரமான சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று 230 வோல்ற்றுக் கம்பியை அவர் தொட்டால், தரையின் தடையைப் புறக்கணிப்பின், 230 மில்லியம்பியர் அளவான மின்னோட்டம் உடலூடு பாயலாம். ஏறத்தாழ 10 மில்லியம்பியரிலேயே தசைகள் இறுகிக் கை கம்பியை விடமுடியாத நிலை தோன்றக்கூடும். சில பத்து மில்லியம்பியர் தொடர்ந்து பாயுமாயின் இதயத்தின் ஒழுங்கான துடிப்புக் குலையக்கூடும். அதே மனிதர் 10 மில்லியன் ஓம் தடையுள்ள விரிப்பின்மீது நிற்பாராயின், உடலூடு செல்லும் ஓட்டம் 0.023 மில்லியம்பியராகக் குறைந்துவிடும். அவர் அதனை உணரவே மாட்டார்.

இக்கணக்கு உண்மையாவதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. விரிப்பு உண்மையிலேயே காவலியாக இருத்தல் வேண்டும். அதன் மேற்பரப்பில் நீர்ப்படலம் விளிம்புவரை பரவி நிலத்தைத் தொடாதிருத்தல் வேண்டும். வேலை செய்பவர் தன் உடலின் வேறெப்பகுதியாலும் நிலத்தோடு இணைந்த உலோகத்தைத் தொடாதிருத்தல் வேண்டும். நம் திருத்தகங்களில் இம்மூன்றும் ஒருங்கே நிறைவேறுகின்றனவா என்பதே வினா.

கறுப்பு இறப்பரின் மறைபொருள்

மரத்திலிருந்து வடியும் இறப்பர்ப் பால் வெண்ணிறமானது. அதனை உறையவைத்து, கழுவி, உலர்த்திப் பெறும் வெளிறிய கிரேப் இறப்பர் மிகச் சிறந்த மின்காவலியாகும். பாலிலுள்ள புரதமும் உப்பும் நன்கு நீக்கப்படின் அது நீரை உறிஞ்சுவது குறைந்து காவற்றிறன் மேலும் உயர்கின்றது. 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த, கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசுப்படுத்தல் முறை அதற்கு உறுதியையும் மீள்தன்மையையும் அளித்தது.

எனினும் நாம் அன்றாடம் காணும் டயர் வெண்மையானதன்று, கரியது. தேய்வைத் தாங்குவதற்காக அதனுள் பெருமளவு நுண்ணிய காபன் கரித்தூள் கலக்கப்படுகின்றது. காபன் மின்னைக் கடத்தும் பொருள். சிறிதளவே கலந்திருக்கும்போது கரித் துணிக்கைகள் ஒன்றையொன்று தொடாது இறப்பரிடையே தனித்து நிற்கும். கலவை காவலியாகவே இருக்கும். குறித்த அளவைக் கடந்ததும் துணிக்கைகள் சங்கிலிபோற் கோத்து மின்னோட்டத்துக்கு வழியமைத்துவிடுகின்றன. அதன்பின் அந்த இறப்பர் காவலியென நம்பத்தக்கதன்று. நிலைமின்னை நிலத்துக்கு இறக்குவதற்கென்றே கடத்தும் இறப்பர் திட்டமிட்டுச் செய்யப்படுவதும் உண்டு.

இதன் நடைமுறைப் பொருள் கடுமையானது. பழைய டயரை அறுத்து விரித்த துண்டு, டயர்த்தூளை ஒட்டிச் செய்த ஓடு, தொழிற்சாலையில் கழிக்கப்பட்ட கொண்டுசெல் பட்டி ஆகிய மூன்றும் விலை மலிந்தவை, எளிதிற் கிடைப்பவை. இவற்றுள் எதனையும் மின்காப்பு விரிப்பாகக் கொள்ளுதல் கூடாது. டயரினுள் உருக்குக் கம்பிகளும் இருக்கலாம். தூள் ஓடு நுண்துளைகள் நிறைந்து நீரைப் பஞ்சுபோல் ஏந்தி நிற்கும். பட்டியினுள் துணியடுக்கோ உருக்கு வடமோ உண்டு. இவற்றை வழுக்காமல் நடப்பதற்கு விரிக்கலாம். மின்னிலிருந்து காக்கும் என நம்பி விரிக்கலாகாது. கறுப்பு விரிப்புகள் யாவும் கடத்திகள் என்பது இதன் பொருளன்று. நிறத்தைப் பார்த்து எதனையும் முடிவுசெய்ய இயலாது, சோதனைச் சான்றே முடிவு என்பதே நாம் வலியுறுத்துவது.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் நிகழ்கின்றது. மின்னணுப் பலகைகளைத் திருத்தும் மேசைகளில் நிலைமின் தடுப்பு விரிப்பு பயன்படுகின்றது. அது மின்னேற்றத்தை மெல்ல நிலத்துக்கு இறக்குவதற்கென ஓரளவு கடத்துமாறு ஆக்கப்பட்டது. “மின்வேலைக்குரிய விரிப்பு” என்ற பொதுப் பெயரை நம்பி அதனை உயரழுத்த மின்கலத்தின் அருகே விரித்தால், காப்பை எதிர்பார்த்த இடத்தில் கடத்தும் பாதையையே அமைத்தவராவோம்.

எந்த இறப்பர் எதனைத் தாங்கும்?

மின்காப்பு ஒன்றை மட்டும் நோக்கி விரிப்பைத் தெரிவுசெய்தல் போதாது. திருத்தகத் தரையில் பல்வகைத் திரவங்கள் சிந்தும். இயற்கை இறப்பர் வலிமையும் மீள்தன்மையும் மிக்கது. ஆயினும் கனிய எண்ணெய் பட்டால் ஊதி மென்மையடையும். வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்புறும். ஸ்டைரீன் பியூட்டடைன் இறப்பர் விலை குறைந்தது. எண்ணெய்க்கு அதுவும் தாங்காது. நைத்திரைல் இறப்பர் எண்ணெயை நன்கு எதிர்க்கும். ஆனால் கிளைக்கோல் சார்ந்த தடுப்புத் திரவம், மக்கள் ‘பிரேக் ஒயில்’ என்பது, அதனைக் கெடுக்கும். எதிலீன் புரொப்பிலீன் இறப்பர் இதற்கு நேர்மாறானது: தடுப்புத் திரவத்தையும் மழை வெயிலையும் தாங்கும், கனிய எண்ணெயைத் தாங்காது. குளோரோப்பிரீன் எண்ணெயை ஓரளவு எதிர்க்கும். தீ எளிதிற் பற்றாது. ஆயினும் எரியும்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் அரிக்கும் வாயுவை வெளிவிடும்.

மின்வாகனத்துக்கு இயந்திர எண்ணெய் இல்லையென்பது உண்மையே. ஆயினும் பற்சில்லுப் பெட்டியின் எண்ணெயும் தடுப்புத் திரவமும் மின்கலத்தைக் குளிர்விக்கும் கிளைக்கோல் நீரும் அதில் உண்டு. கந்தப்பளைக் கராஜ் ஒன்று மின்வாகனத்தை மட்டும் திருத்திப் பிழைக்கவும் முடியாது. டீசல் லொறியும் பெட்ரோல் முச்சக்கரவண்டியும் அதே கூரையின் கீழேயே நிற்கும். எனவே எல்லாவற்றையும் தாங்கும் ஒரே விரிப்பைத் தேடுதல் வீண்முயற்சி. எண்ணெய் சிந்தும் வேலைக்குரிய இடத்தையும் உயரழுத்த வேலைக்குரிய இடத்தையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்றதை விரித்தலே அறிவுடைமை.

நீர், மூடுபனி, வழுக்கல்

தாழ்நிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை மலைநாட்டில் அப்படியே கைக்கொள்ள இயலாது. நுவரெலியாப் பகுதியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஆண்டின் தொடக்க மாதங்களில் சில இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு. மூடுபனி திறந்த கொட்டிலுக்குள் தாராளமாகப் புகும். மழைக்காலத்தில் உள்ளே வரும் வாகனம் ஒவ்வொன்றும் சில்லுகளிலும் அடிப்பாகத்திலும் சேற்றையும் நீரையும் சுமந்தே வரும். விரிப்பின் மேலே படலமாகப் படியும் இந்நீர், சேற்றிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு தானே கடத்தியாகிவிடுகின்றது. விரிப்பின் உட்பொருள் எத்துணைத் தூயதாயினும், மேற்பரப்பில் ஈரப்பாதை விளிம்பைக் கடந்து நிலத்தைத் தொடுமாயின் காப்பு அற்றுப்போகும்.

ஆதலால் கூரையற்ற மின்னேற்றிடத்தில் மின்காப்பு விரிப்பை விரித்தல் பொருளற்றது. மழையில் அது காப்பாகாது, பொய்யான நம்பிக்கையையே வளர்க்கும். அங்கு வேண்டியவை நீர் வடியும் சரிவும், சொரசொரப்பான சீமெந்துத் தளமும், கால் இடறாதவாறு மின்னேற்றக் கேபிளைத் தூக்கி மாட்டும் கொளுக்கியுமாகும். இறப்பர் விரிப்பதாயின் நீர் வடியும் துளைகளுள்ள, வழுக்காத வகையே ஏற்றது. அதன் நோக்கம் வழுக்கலைத் தடுப்பது மட்டுமே என்பதை எல்லோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வழுக்கல் சிறிய ஆபத்தன்று. கேபிளையோ பாரமான மின்கலப் பகுதியையோ ஏந்தியவண்ணம் விழுபவர், மின்னினால் அடிபடாமலே முதுகெலும்பை முறித்துக்கொள்ளலாம். வழுக்கற்றன்மையை அளக்கச் சில முறைகள் உண்டு. பிரித்தானிய ஊசற் சோதனையில், நனைந்த நிலையில் 36 அல்லது அதற்கு மேற்பட்ட பெறுமானம் பெறும் தளமே வழுக்கும் வாய்ப்புக் குறைந்ததெனக் கொள்ளப்படுகின்றது. எண்ணெய் பூசிய சரிவில் நடக்கவைத்துச் சோதிக்கும் ஜேர்மானிய முறையில் தளங்கள் ஆர் 9 முதல் ஆர் 13 வரை வகுக்கப்படுகின்றன. எண் கூடுந்தோறும் பிடிமானமும் கூடும். வாங்கும்போது உலர்நிலைப் பெறுமானத்தைக் காட்டும் விற்பனையாளரிடம் நனைந்த நிலைப் பெறுமானத்தைக் கேட்டல் வேண்டும். கந்தப்பளையில் தரை உலர்ந்திருக்கும் நாட்களை நம்பித் தளம் அமைத்தல் இயலாது.

தீ

இலிதியம் அயன் மின்கலம் உட்பழுதினாலோ மோதலினாலோ கட்டுமீறிச் சூடாகித் தொடர்ச்சியாக எரியக்கூடும். அதன் மின்பகுபொருளிலுள்ள உப்பு நீருடன் சேரும்போது ஐதரசன் புளோரைட்டு என்னும் நச்சுவாயு தோன்றலாம். இந்நிலையில் எந்த இறப்பர் விரிப்பும் தடுப்பாகாது. சாதாரண இறப்பர் தானே எரிபொருளாகிக் கரும்புகையைப் பெருக்கும். எனவே வாகனம் நிற்கும் முழுத் தரையையும் இறப்பரால் மூடுதல் தவறு. வாகனத்தின் கீழே எரியாத சீமெந்துத் தளமும், மனிதர் நிற்கும் இடத்தில் மட்டும் விரிப்பும் இருத்தலே முறை. ஐரோப்பியத் தர முறையில் தளப்பொருள்களின் தீநடத்தை எழுத்துகளால் வகுக்கப்பட்டுள்ளது. தரைக்குரிய பி அல்லது சி வகுப்பும், புகைக்கு எஸ் 1 என்ற குறியும் பெற்றவை விரும்பத்தக்கன. வெளியேறும் வழியில் விரிப்பின் விளிம்பு மடிந்து கிடத்தல் ஆகாது. ஓடுபவரின் கால் அங்கேதான் இடறும்.

தரக்குறியும் சோதனையும்

மின்காப்பு விரிப்புகளுக்கென ஐ.இ.சி. 61111 என்னும் சர்வதேசத் தரம் உண்டு. அது விரிப்புகளை 0 முதல் 4 வரையான வகுப்புகளாகப் பிரிக்கின்றது. 0 வகுப்பு 1,000 வோல்ற்று ஆடலோட்டத்துக்கும், 1 வகுப்பு 7,500 வோல்ற்றுக்கும் உரியது. இந்தியாவின் ஐ.எஸ். 15652 என்னும் 2006ஆம் ஆண்டுத் தரம் ஏ, பி, சி என மூன்று வகுப்புகளைக் கூறுகின்றது: 3.3 கிலோவோல்ற்றுக்கு 2 மில்லிமீற்றர், 11 கிலோவோல்ற்றுக்கு 2.5 மில்லிமீற்றர், 33 கிலோவோல்ற்றுக்கு 3 மில்லிமீற்றர் தடிப்பு. இத்தரத்துக்கு முற்பட்ட 1969ஆம் ஆண்டின் ஐ.எஸ். 5424 என்னும் எண்ணைத் தாங்கிய பழைய சரக்கும் சந்தையில் எதிர்ப்படலாம்; வாங்குவோர் கவனித்தல் வேண்டும்.

மின்கார்த் திருத்தகத்துக்கு ஐ.இ.சி. 0 வகுப்போ இந்தியத் தரத்தின் ஏ வகுப்போ போதுமானது. “கூடிய தடிப்பு கூடிய காப்பு” என எண்ணிச் சான்றில்லாத 10 மில்லிமீற்றர் விரிப்பை வாங்குவதிலும், சான்று பெற்ற 2 மில்லிமீற்றர் விரிப்பை வாங்குதல் மேலானது. தரக்குறி, வகுப்பு, தயாரித்த ஆண்டு ஆகியவை விரிப்பிலேயே பதிந்திருத்தல் வேண்டும். விற்பனைச் சிட்டையில் எழுதித் தருவது போதாது.

வாங்கியதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. உலோகச் சீவல் ஒன்று ஊசிபோல் ஏறித் துளைத்த இடத்தில், முழு விரிப்பின் காப்பும் அத்துளையளவாகச் சுருங்கிவிடும். எனவே காப்பு விரிப்பின்மீது வாகனத்தை ஏற்றுதலோ, ஜாக்கியை ஊன்றுதலோ, இரும்பு அறுத்தலோ கூடாது. வாகனம் நின்ற பின்னர் இருமருங்கும் விரித்து, வேலை முடிந்ததும் துடைத்து, மடிக்காது சுருட்டி, வெயிலும் மின்னியக்கிகளின் ஓசோனும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தலாகாது. மென்சவர்க்கார நீர் போதும். ஒவ்வொரு முறையும் விரிக்குமுன் இருபுறமும் கண்ணாற் பார்த்தலும், காலத்துக்குக் காலம் ஆய்வுகூடத்தில் மின்னழுத்தச் சோதனைக்கு உட்படுத்துதலும் அவசியமாகும்.

சிறு திருத்தகத்துக்கு ஓர் அமைப்பு

மேற்கூறியவற்றைத் தொகுத்து, வசதி குறைந்த ஒரு கராஜ் கைக்கொள்ளத்தக்க அமைப்பினைப் பின்வருமாறு கூறலாம். கூரையுள்ள பகுதியில் வாகனம் ஒன்று நிற்கும் இடத்தை மின்வேலைக்கெனத் தனியே ஒதுக்கி, தரையை ஓர் அங்குலமேனும் உயர்த்தி, வெளிநீர் உள்வராதவாறு வாயிலில் வடிகால் அமைத்தல் முதலாவது. வாயிலில் சேறு துடைக்கும் துளையுள்ள இறப்பர் விரிப்பு இரண்டாவது. இதற்கு மலிவான டயர் இறப்பரே போதும். வாகனத்தின் இருமருங்கும் ஒரு மீற்றர் அகலத்தில் சான்று பெற்ற காப்பு விரிப்பு மூன்றாவது. மின்கலத்தைக் கழற்றி வைக்கும் மேசையைச் சுற்றியும் அதுவே. எண்ணெய் வேலைக்கு மறுபுறத்தில் நைத்திரைல் விரிப்பு நான்காவது. காப்பு விரிப்பையும் பிறவற்றையும் நிறத்தால் வேறுபடுத்தி, எது எதற்கென்று தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் எழுதிவைத்தல் ஐந்தாவது. இவற்றுள் பெருஞ்செலவு மூன்றாவதற்கு மட்டுமே. நான்கு வகையையும் ஒரே விலையுயர்ந்த பொருளால் நிரப்பவேண்டிய தேவை இல்லை.

செலவை யார் ஏற்பது?

“காலில் இறப்பர்ச் செருப்பு இருக்கிறதே, இது வேறு எதற்கு?” என்ற எதிர்வாதம் எழுவதுண்டு. அன்றாடச் செருப்பு எத்தரத்துக்கும் சோதிக்கப்பட்டதன்று. தேய்ந்து நனைந்து துளைபட்டது. அவ்வாதத்தின் உட்பொருள் வேறு: பாதுகாப்பின் செலவைத் தொழிலாளி தானே சுமக்கவேண்டும் என்பதே அது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பையும் நலனையும் தொழில்தருநரின் பொறுப்பாக்கியுள்ளது. சிறு கராஜ் உரிமையாளரும் பெருஞ்செல்வர் அல்லர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் மின்னேற்றியைப் பல இலட்சம் ரூபாவுக்கு வாங்கத் துணிபவர், அதன் அருகே நிற்பவரின் காலடியில் மட்டும் சிக்கனம் காட்டுதல் எவ்வாற்றானும் நியாயமாகாது.

இதற்கு நாட்டு நிலைமையில் ஒரு தீர்வும் உண்டு. 1876இல் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து வந்து கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாற்றுகளிலிருந்து இலங்கையின் இறப்பர்ச் செய்கை வளர்ந்தது. 1952இல் சீனத்துடன் செய்யப்பட்ட இறப்பர் அரிசி ஒப்பந்தம் இந்நாட்டின் உணவுத் தேவையையே தாங்கிநின்றது. இன்று திண்டயர், கையுறை, விரிப்பு எனப் பலவும் இந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாகின்றன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியற்காலையில் மரம் சீவுவோருள், கந்தப்பளையில் கொழுந்து கொய்வோரின் இனசனமும் உண்டு. சிறந்த வெளிறிய கிரேப் இறப்பரை உலகுக்கு அளிக்கும் நாட்டில், மலையகக் கராஜ் ஒன்று கழிவு டயரை விரித்து உயிரைப் பணயம் வைக்கவேண்டிய நிலை முரணானது. அகலவத்தையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிறுவனமும், இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும், பொறியியற் பீடங்களைக் கொண்ட பல்கலைக்கழகங்களும் இணைந்து, சிறு திருத்தகத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு காப்பு விரிப்பை உருவாக்கிச் சோதித்துத் தருதல் இயலாத செயலன்று. ஆண்டுச் சோதனைக்காக ஒவ்வொரு கராஜும் தனித்தனியே கொழும்புக்கு அலையாது, பிரதேச மட்டத்தில் கூட்டுறவு முறையிற் சேர்ந்து அனுப்பவும் வழி காணலாம்.

1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், மலைநாட்டு ஆறுகள் இந்நாட்டுக்கு மின்சாரம் அளித்து வந்துள்ளன. அம்மின்சாரம் லயன் அறைகளை எட்டுவதற்குப் பல பதிற்றாண்டுகள் சென்றன. இப்போது மின்சாரம் வாகனத்தின் வடிவில் மலையேறி வருகின்றது. அதனோடு புதிய தொழிலும் வருகின்றது. அத்தொழிலைக் கற்க முன்வரும் இளைஞருக்கு ஆபத்தை மட்டும் முதலிற் கொடுத்து, காப்பைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்பது பழைய தோட்டத்துரையின் நியாயம். மின்னேற்றி பொருத்தப்படும் நாளிலேயே புவித்தொடுப்பு அளக்கப்படவும், துண்டிப்பான் சோதிக்கப்படவும், கையுறையும் சான்று பெற்ற விரிப்பும் வந்து சேரவும் வேண்டுமென்று கோருதல் தொழிற்சங்கங்களின் கடமையாகும். அக்கோரிக்கைக்குத் தேவையான அறிவைத் தமிழில், தொழிலாளிக்கு விளங்கும் வகையில் வழங்குதல் நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமையாகும்.